அறைகலனின் மறுசுழற்சித் தகவலை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாற்காலியோ அலமாரியோ வடிவமைத்து முடித்த பிறகு, அதன் பொருட்களை மறுசுழற்சி செய்ய முடியுமா என்பதை மற்றவர்களுக்குத் தெரிவிக்கும் வேலை ஒன்று மிச்சமிருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சின்னத்தில்தான் தொடங்குகிறார்கள். மூன்று அம்புகள், பச்சை நிறம், "100% மறுசுழற்சிக்குரியது" என்று ஒரு வரி. அந்த வரிக்கான ஆதாரத்தைத் தேடுவது அதற்குப் பிறகுதான். ஆதாரம் கிடைக்காதபோது வரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாக்கி, கடைசியில் யாருக்கும் உதவாத வாசகமாக முடித்துவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி தலைகீழ் வரிசையில் போகிறது. என்றோ ஒருநாள் அந்த அறைகலனைக் கழற்றப்போகும் ஆளுக்காக முதலில் எழுத வேண்டும். அவருக்கு வேண்டிய தகவல் சரியாக அமைந்துவிட்டால், வாங்குபவருக்கான வரி அதிலிருந்தே வந்துவிடும். சின்னம் கடைசியில்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, உற்பத்திக்குப் போன இறுதி வடிவத்தின் உதிரிபாகப் பட்டியல். மாதிரி வடிவத்தின் பட்டியல் போதாது. மாதிரிக்கும் உற்பத்திக்கும் நடுவில் பசை மாறியிருக்கும், திருகு ஸ்டேபிள் பின் ஆகியிருக்கும். மறுசுழற்சியைத் தீர்மானிப்பவை இந்த மாதிரிச் சின்ன மாற்றங்கள்தான்.

இரண்டாவது, ஒவ்வொரு பாகத்துக்கும் சப்ளையரின் எழுத்துபூர்வமான பொருள் விவரம். "பிளாஸ்டிக்" என்று மட்டும் எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள். எந்தப் பிளாஸ்டிக், கண்ணாடி இழையோ டால்க்கோ எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது, தீத்தடுப்பு வேதிப்பொருள் உண்டா, மேற்பூச்சு என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் வேண்டும். இது வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள். மற்ற வேலைகள் முடிந்தும் இந்த ஒரு பதிலுக்காகக் காத்திருந்து, பொறுமை போய், ஊகத்தை எழுதிவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவை போக, உடைந்தாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய ஒரு முழு அறைகலன், கிராம் கணக்கில் காட்டும் தராசு, ஒரு காந்தம், சாதாரணக் கைக்கருவிகள், பொருள் விற்கப்படும் சந்தைகளின் பட்டியல் ஆகியவை வேண்டும். முடிந்தால் ஒரு மறுசுழற்சி நிலையத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவரையும் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்கள் சொல்லாததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

2. யார் படிக்கப்போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே தகவலை நான்கு பேர் நான்கு விதமாகத் தேடுகிறார்கள். கடையில் வாங்குபவருக்கு இரண்டு வரி போதும். அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்கும் கொள்முதல் அதிகாரிக்குச் சதவீதமும் அதற்கான ஆதாரமும் வேண்டும். பழுது பார்ப்பவர் எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று தேடுவார். கடைசியில் பிரிப்பவருக்கு, கையில் இருக்கும் பாகம் எந்தக் குவியலுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாங்குபவர் இன்று படிக்கிறார். பிரிப்பவர் படிப்பது பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. அப்போது அட்டைப்பெட்டி இருக்காது, கையேடு இருக்காது, இணையப்பக்கமும் இருக்கும் என்று நம்ப முடியாது. எதைப் பாகத்தின் மேலேயே பொறிக்க வேண்டும், எதைத் தாளில் எழுதினால் போதும் என்பதை இந்த இடைவெளிதான் முடிவு செய்கிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, 2018-ல் அந்நாட்டில் கழிவாக வந்த அறைகலன்களும் வீட்டு அலங்காரப் பொருட்களும் 1.21 கோடி டன். அதில் 80.1% குப்பைமேட்டில் புதைக்கப்பட்டது. புதைந்தவற்றில் எஃகும் இருந்தது, நல்ல மரமும் இருந்தது. பொருளுக்கு மறுசுழற்சித் தன்மை இருப்பது வேறு, அது மறுசுழற்சிக்குப் போய்ச் சேர்வது வேறு என்பதற்கு இந்த ஓர் எண் போதும். நாம் எழுதும் தகவல் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குறைக்க வேண்டும்.

3. கழற்றுங்கள், எடை போடுங்கள்

கணினி வரைபடத்தில் காட்டும் எடையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பசை, பெயின்ட், பின்கள், துணிக்கு அடியில் ஒட்டிய மெல்லிய ஃபோம் எல்லாம் வரைபடத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. அறைகலனை மேசைமேல் வைத்து முழுவதுமாகக் கழற்றினால்தான் அவை வெளியே வரும்.

கழற்றுபவர் வடிவமைப்பாளராக இருக்கக் கூடாது. எங்கே அழுத்தினால் கிளிப் விடும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். பிரிக்கும் இடத்தில் இருப்பவருக்கு அது தெரியாது, தேடிக்கொண்டிருக்க நேரமும் இருக்காது. அந்தப் பொருளை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கருவிகளைக் கொடுத்துவிட்டு, பேசாமல் நின்று பாருங்கள். எந்த இடத்தில் அவர் கை தயங்குகிறதோ அங்கே ஒரு குறியோ படமோ தேவை.

எடுத்த நேரம், தேவைப்பட்ட கருவிகள், உடைந்த பாகங்கள், பிரித்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சங்கள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். நேரம் வெறும் தொழில்நுட்ப விவரம் அல்ல. பிரிக்க அரைமணி நேரம் பிடிக்கும் நாற்காலியை யாரும் பிரிக்கமாட்டார்கள். அப்படியே நொறுக்கும் எந்திரத்தில் போடுவார்கள். 2004-ல் வந்த ஸ்டீல்கேஸ் நிறுவனத்தின் திங்க் நாற்காலியைச் சாதாரணக் கைக்கருவிகளால் ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. மறுசுழற்சிச் சதவீதத்துடன் நேரத்தையும் கருவியையும் சேர்த்துச் சொல்லும் இந்த முறை நல்ல முன்மாதிரி.

கழற்றியதை மூன்று குவியலாக வையுங்கள். ஒரே பொருளால் ஆனவை ஒன்று. பல பொருட்கள் சேர்ந்திருந்தாலும் கருவியால் பிரிக்க முடிந்தவை ஒன்று. பிரிக்கவே முடியாதவை ஒன்று. மூன்றாவது குவியலில் உள்ள எந்தப் பாகத்துக்கும் அதில் சேர்ந்திருக்கும் மோசமான பொருளின் நிலைதான் பொருந்தும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் செய்த இருக்கை ஓட்டின் மேல் ஃபோம் ஒட்டியிருந்தால், அதை வெறும் பாலிப்ரொப்பிலீன் என்று எழுத முடியாது.

4. ஒவ்வொரு பொருளின் உண்மை நிலையை எழுதுங்கள்

அதிகத் தடுமாற்றம் இந்தப் படியில்தான். "உலோகம்: முடியும், மரம்: முடியும், பிளாஸ்டிக்: முடியும்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை உண்டு, அந்த நிபந்தனைதான் வாசகருக்குத் தேவையான தகவல்.

எஃகில் சிக்கல் குறைவு. காந்தத்தால் பிரித்தெடுக்கலாம், பழைய எஃகுக்குச் சந்தை எங்கும் உண்டு, மேலே உள்ள பவுடர் கோட்டிங் உருக்கும்போது எரிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகில் பல வகைகளைக் காந்தம் இழுக்காது; அதனால் அதை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும்.

அலுமினியத்தை மீண்டும் உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5% போதும். அதனால் அதற்கு நல்ல விலையும் உண்டு, வாங்க ஆளும் உண்டு. ஆனால் உள்ளே அழுத்தி வைத்த எஃகு நட்டுகள் அந்த மதிப்பைக் குறைக்கும். இன்னொன்று, துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடிகளும் மூட்டுகளும் பார்வைக்கு அலுமினியம் போலவே இருக்கும். தோற்றத்தை வைத்து எழுதாமல் சப்ளையர் கடிதத்தைப் பாருங்கள்.

திட மரத்துக்கு மறுசுழற்சியைவிட மறுபயன்பாடுதான் முதல் வழி. பலகையாக இருக்கும்வரை அதன் மதிப்பு அதிகம். தூளாக்கிய பிறகு, மரத்தூளைப் பிசினோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டுக்குத்தான் போகும். ஆகவே "மீண்டும் மெருகேற்றலாம், வேறு அளவுக்கு வெட்டிப் பயன்படுத்தலாம்" என்று முதலில் எழுதிவிட்டு மறுசுழற்சிக்கு வாருங்கள். மேற்பூச்சு என்ன என்பதும் வேண்டும். எண்ணெய் மட்டும் பூசிய மரமும் தடித்த பாலியூரித்தேன் வார்னிஷ் பூசிய மரமும் ஒரே நிலையில் இல்லை. குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலந்த பாதுகாப்பு மருந்து ஏற்றிய மரம் எந்தச் சூழலிலும் மரத்தூள் குவியலுக்குப் போகக் கூடாது. வெளிப்புற அறைகலனில் அப்படிப்பட்ட மரம் இருந்தால், அதைச் சொல்லாமல் விடுவது ஆபத்து.

எம்டிஎஃப் (மர இழையைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை), பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் "மரத்தால் ஆனது" என்ற தலைப்பின்கீழ் மறைத்துவிடுவது மிகப் பரவலான தவறு. இவற்றைப் பிணைக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் ஒருமுறை இறுகினால் சூட்டில் உருகாது. சுத்தமான கழிவு மரத்தைத் தூளாக்கிப் பார்ட்டிகிள் போர்டு செய்யும் ஆலைகள் உண்டு. எம்டிஎஃப்பின் இழை மிக நுண்ணியது, அரைத்தால் தூசியாகிவிடும். அதனால் அதை ஏற்பவர்கள் குறைவு. மேலே லேமினேட்டும் ஓரத்தில் பிவிசி பிளாஸ்டிக் பட்டையும் (எட்ஜ் பேண்ட்) சேர்ந்தால் நிலைமை இன்னும் கடினம். இப்படிப்பட்ட அலமாரிக்கு நேர்மையான தகவல் என்றால், மறுசுழற்சி பற்றி ஒரு வரியும், ஆயுளை நீட்டும் வழிகள் பற்றி நான்கு வரியும்தான். கீல்களை மாற்றலாமா, கதவு மட்டும் தனியாகக் கிடைக்குமா, வீடு மாறும்போது எத்தனை தடவை கழற்றி மாட்டினால் தாங்கும் என்பவற்றை எழுதுங்கள்.

பிளாஸ்டிக்கில் முதல் கேள்வி, அது சூட்டில் உருகுமா என்பது. மெலமின், எபாக்ஸி, பெரும்பாலான பாலியூரித்தேன் ஃபோம் ஆகியவை உருகாது. உருகுபவற்றில் கலப்படமற்ற பாலிப்ரொப்பிலீன் எளிது. ஒரே வார்ப்பில் செய்த பாலிப்ரொப்பிலீன் நாற்காலி, மறுசுழற்சி கோணத்தில் நல்ல அறைகலன்களில் ஒன்று. கண்ணாடி இழை சேர்த்த நைலானை மீண்டும் உருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இழை உடைந்து நீளம் குறையும், வலிமையும் இறங்கும். இதற்கென்று தனியாகச் சேகரிக்கும் இடங்களும் அரிது. நிறத்தையும் கவனியுங்கள்: கார்பன் கருப்பு கலந்த பிளாஸ்டிக், அகச்சிவப்புக் கதிரால் வகை பிரிக்கும் எந்திரத்தின் கண்ணில் படாது. வடிவமைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால் கருப்புக்குப் பதிலாக அடர்சாம்பலையோ வேறு கருநிறச் சேர்மானத்தையோ கேட்டுப் பாருங்கள். தகவலைத் திருத்துவதைவிட பொருளைத் திருத்துவது மேல்.

பாலியூரித்தேன் ஃபோமைத் துண்டாக்கி, மீண்டும் பிணைத்து, கம்பளத்தின் அடிவிரிப்பு செய்கிறார்கள். அது மறுசுழற்சிதான், ஆனால் மீண்டும் இருக்கை ஆவதில்லை. "ஃபோம்: கம்பள அடிவிரிப்பாக மாற்ற இயலும், சேகரிக்கும் வசதி இருந்தால்" என்று எழுதுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. தீத்தடுப்புப் பொருள் விவரமும் இங்கே முக்கியம். முன்பு ஃபோமிலும் பிளாஸ்டிக்கிலும் கலந்த சில புரோமின் சேர்மங்கள் 2009-ல், எளிதில் அழியாத நச்சுப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தன. அதனால் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத ஃபோமை ஏற்கத் தயங்குவது இயல்பு. எதுவும் கலக்கவில்லை என்று சப்ளையர் எழுதிக் கொடுத்திருந்தால் அதை அப்படியே வெளியிடுங்கள். பிரிப்பவருக்கு அது பெரிய உதவி.

துணியில் முழு பாலியஸ்டரா, பருத்தியோடு கலந்ததா என்பதே கேள்வி. கலந்ததைப் பிரிப்பது கடினம். மேசைக் கண்ணாடியையும் முகக் கண்ணாடியையும் பாட்டில் கண்ணாடிக் குவியலில் போடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

5. ஒரே நாற்காலிக்கு மூன்று சதவீதங்கள்

சதவீதம் எப்போதும் எடையில்தான் கணக்கிடப்பட வேண்டும், பாகங்களின் எண்ணிக்கையில் அல்ல. "20 பாகங்களில் 18 மறுசுழற்சிக்குரியவை" என்பது கேட்க நன்றாக இருக்கும். அந்த 18-ம் திருகுகளாக இருக்கலாம்.

உதாரணத்துக்கு 14 கிலோ எடையுள்ள அலுவலக நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஃகு 5.2 கிலோ, அலுமினியம் 3.0, கண்ணாடி இழை சேர்த்த நைலான் 2.4, பாலிப்ரொப்பிலீன் இருக்கை ஓடு 1.6, ஃபோம் 1.0, துணி 0.4, மற்றவை 0.4.

உலோகங்கள், இரண்டு பிளாஸ்டிக்குகள் எல்லாம் கோட்பாட்டளவில் மறுசுழற்சிக்குரியவை. கூட்டினால் 12.2 கிலோ, அதாவது 87.1%. பெரும்பாலோர் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் கழற்றிப் பார்த்தபோது ஃபோம் இருக்கை ஓட்டில் பசையால் ஒட்டியிருந்தது, பிரியவில்லை. ஓட்டின் 1.6 கிலோவைக் கழித்தால் 10.6 கிலோ, 75.7%. பிரிக்க முடிந்ததன் அளவு இது.

அடுத்து, விற்கப்படும் இடங்களில் யார் எதை வாங்கிக்கொள்கிறார்கள் என்று விசாரித்தால், நைலானுக்கு வழியில்லை. மிஞ்சுவது உலோகம் மட்டும்: 8.2 கிலோ, 58.6%. உண்மையில் போய்ச் சேரக்கூடியது இவ்வளவுதான்.

பொதுமக்களுக்கு மூன்றாவது எண்ணைச் சொல்லுங்கள். கொள்முதல் அதிகாரிக்கான ஆவணத்தில் இரண்டாவதையும் அதன் விளக்கத்தோடு சேர்க்கலாம். முதல் எண் எங்கும் தனியாகப் போகக் கூடாது. முழு எண்ணாக்கும்போது கீழ்நோக்கியே போங்கள்: 58.6 என்பது 58, 59 அல்ல. யாராவது எடை போட்டுப் பார்த்தாலும் உங்கள் வரி நிற்கும்.

இந்தக் கணக்கின் இன்னொரு பயன், அது வடிவமைப்புக் குழுவின் கையில் திரும்பிச் செல்வது. பசைக்குப் பதில் கிளிப் வைத்தால் இரண்டாவது எண் 11.4 புள்ளி ஏறி, முதல் எண்ணையே எட்டிவிடும். "பசையைத் தவிர்ப்போம்" என்று பொதுவாகச் சொல்லும்போது கேட்காதவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் கேட்பார்கள்.

6. வாக்கியத்தை எழுதுங்கள்

முதலில் நான்கு கருத்துகளைக் குழப்பாமல் தனித்தனியே வையுங்கள். மறுசுழற்சிக்குரியது என்பது இனி நடக்கக்கூடியது. மறுசுழற்சி செய்த பொருளால் ஆனது என்பது ஏற்கெனவே நடந்தது. பிரிக்கக்கூடியது என்பது கட்டமைப்பு பற்றியது. மட்கக்கூடியது என்பது வேறு பாதை. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்பதில்லை. எமெக்கோ நிறுவனம் 2010-ல் கொண்டுவந்த 111 நேவி நாற்காலியில் குறைந்தது 111 பழைய பெட் பாட்டில்களின் பிளாஸ்டிக் இருக்கிறது, வலிமைக்காகக் கண்ணாடி இழையும் சேர்ந்திருக்கிறது. 111 என்பது எதிலிருந்து செய்தது என்பதற்கான தெளிவான தகவல். ஆயுள் முடிந்த பிறகு எங்கே போகும் என்பதற்கு அந்த எண் பதிலாகாது. அதைத் தனியே எழுத வேண்டும்.

மறுசுழற்சி செய்த பொருளின் அளவைச் சொல்லும்போது, மக்கள் பயன்படுத்திய பிறகு வந்ததா, தொழிற்சாலைக் கழிவா என்று பிரித்துச் சொல்லுங்கள். சொந்த எந்திரத்தில் விழுந்த வெட்டுத்துண்டை அதே வேலைக்கே திரும்பப் போடுவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சுயமாக அறிவிக்கும் சுற்றுச்சூழல் தகவல்களுக்காகச் சர்வதேசத் தரநிலை அமைப்பு (ஐஎஸ்ஓ) வகுத்த ஐஎஸ்ஓ 14021 தரநிலை இதை வெளிப்படையாகவே விலக்குகிறது.

ஒரு நல்ல வாக்கியத்தில் எந்தப் பாகம், எடையில் எவ்வளவு, எப்படிப் பிரிப்பது, எங்கே கொடுப்பது என்ற நான்கும் இருக்கும். முன்னே கண்ட நாற்காலிக்கு முதல் முயற்சியில் பலர் எழுதுவது இப்படி இருக்கும்:

"சுற்றுச்சூழலுக்கு உகந்த நாற்காலி. வசதி உள்ள இடங்களில் மறுசுழற்சி செய்யலாம்."

இதில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. "வசதி உள்ள இடங்களில்" என்ற பொத்தாம்பொதுவான சேர்க்கை, சேகரிப்பு வசதி குறைவு என்பதைத் தெரிவிக்காததால் போதாது என்றே ஐஎஸ்ஓ 14021 சொல்கிறது. "உகந்த", "பசுமை" போன்ற மங்கலான சொற்களையும் அது ஏற்பதில்லை. இப்படி மாற்றலாம்:

"இந்த நாற்காலியின் எடையில் 58% எஃகும் அலுமினியமும். இருக்கைக்கு அடியில் உள்ள திருகுகளை ஆலன் கீயால் கழற்றினால் இவை தனியே வந்துவிடும். பழைய உலோகம் வாங்குபவர்களிடம் கொடுக்கலாம். நைலான் பாகங்களைச் சேகரிக்கும் இடங்கள் தற்போது மிகக் குறைவு. இருக்கை ஓட்டிலிருந்து ஃபோம் பிரியாது என்பதால் அந்தப் பாகத்தை மறுசுழற்சிக்கு அனுப்ப இயலாது."

கடைசி இரண்டு வாக்கியங்களை நீக்கச் சொல்லி விற்பனைப் பிரிவிலிருந்து அழுத்தம் வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். முடியாததைச் சொல்லும்போதுதான் முடியும் என்று சொன்னதை வாசகர் நம்புகிறார். பிரிப்பவருக்கும் வீண்வேலை மிச்சம்.

சட்டமும் இந்தப் பக்கமாகவே நகர்கிறது. அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் 2012-ம் ஆண்டு பசுமை வழிகாட்டியின்படி, பொருள் விற்கப்படும் இடங்களில் குறைந்தது 60% நுகர்வோருக்கோ ஊர்களுக்கோ மறுசுழற்சி வசதி இருந்தால்தான் நிபந்தனையில்லாமல் "மறுசுழற்சிக்குரியது" என்று சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 எண் உத்தரவு, ஆதாரமற்ற பொதுவான சுற்றுச்சூழல் வாசகங்களைத் தடை செய்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் அது நடைமுறைக்குரியது. எந்தச் சந்தையில் விற்கிறீர்களோ அங்குள்ள விதியை, எழுதுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

7. பாகத்தின் மேல் பொறியுங்கள்

பதினைந்து ஆண்டு கழித்தும் தங்குவது இது ஒன்றுதான். பிளாஸ்டிக் பாகங்களுக்கு ஐஎஸ்ஓ 11469 முறை இருக்கிறது: பிளாஸ்டிக்கின் சுருக்கப் பெயரை இரண்டு கோணக்குறிகளுக்கு நடுவே பொறிப்பது. பிபி என்றால் பாலிப்ரொப்பிலீன். பிஏ6-ஜிஎஃப்30 என்றால் 30% கண்ணாடி இழை சேர்த்த நைலான் 6. ஒரே வரியில் பொருளும் கலப்பும் தெரிந்துவிடுகிறது.

அச்சு வார்ப்பிலேயே இதைச் சேர்த்துவிட வேண்டும். அச்சு செய்த பிறகு சேர்க்கப் போனால் செலவு கூடும், தள்ளிப்போகும், கடைசியில் ஸ்டிக்கர் ஆகிவிடும். ஸ்டிக்கர் உரியும், உரியாவிட்டால் அதுவே கலப்படமாகும். பொறித்த எழுத்து, பாகத்தைக் கழற்றிய பிறகாவது தெரியும் பக்கத்தில் இருக்கட்டும். துணிக்கு அடியில் மறைந்து போகும் குறிகளை அடிக்கடி பார்க்கிறேன்.

திருகு இருக்கும் இடங்களுக்கு அருகில் ஒரு சிறு திருகுக் குறி, கிளிப்பை அழுத்த வேண்டிய இடத்தில் ஓர் அம்பு. மொழி தேவையில்லாத இந்தக் குறிகள் நீண்ட விளக்கத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

8. பிரிப்புத் தாள்

ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். மேலே அறைகலனின் விரித்த படம், பாகங்களுக்கு எண். கீழே அட்டவணை: எண், பொருள், எடை, எந்தக் குவியல். நடுவில் கழற்றும் வரிசை.

வரிசைக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் பாகம் இருந்தால் எச்சரிக்கை முதலில் வரட்டும். உயரம் மாற்றும் நாற்காலியின் கேஸ் சிலிண்டரில் உயர் அழுத்த வாயு அடைந்திருக்கிறது; அதை வெட்டவோ துளையிடவோ சூடாக்கவோ கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். மோட்டார் வைத்த மேசையானால் மின்பாகங்களும் பேட்டரியும் முதலில் வெளியே வர வேண்டும். அதன் பிறகு மதிப்பும் எடையும் அதிகமான உலோகம். நேரமில்லாமல் பாதியில் நிறுத்துபவரும் முக்கியமானதை அதற்குள் எடுத்திருப்பார்.

தாளின் இணைய வடிவத்துக்கு ஒரு க்யூஆர் குறியை அறைகலனின் அடியில் வைக்கலாம். ஆனால் இணைப்பு செத்துப்போனாலும் வேலை நடக்கும்படி, பாகத்தில் பொறித்த குறிகள் மட்டுமே போதுமானவையாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1781 எண் சூழல் வடிவமைப்பு ஒழுங்குமுறை, பொருட்களின் விவரங்களை மின்னணு வடிவில் தாங்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டைக் கொண்டுவர வழி செய்திருக்கிறது. இந்தத் தாளுக்காகத் திரட்டும் விவரங்கள் அங்கேயும் கைகொடுக்கும்.

9. இப்போது சின்னம்

மூன்று அம்பு வளையத்துக்கு ஐஎஸ்ஓ 14021-ல் இரண்டு பயன்பாடு உண்டு. சதவீத எண் இல்லாமல் இருந்தால் மறுசுழற்சிக்குரியது. எண்ணோடு இருந்தால் அத்தனை சதவீதம் மறுசுழற்சி செய்த பொருளால் ஆனது. 30% என்று போட்டுவிட்டு "30% மறுசுழற்சி செய்யலாம்" என்று கீழே எழுதினால் சின்னமும் வரியும் ஒன்றோடொன்று மோதும்.

1 முதல் 7 வரையிலான எண் கொண்ட முக்கோணம் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்ல 1988-ல் வந்தது. மறுசுழற்சி முடியும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. மக்கள் அப்படிப் புரிந்துகொண்டதால், 2013-ல் ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பு அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கியது. நைலானும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் "7, மற்றவை" என்ற ஒரே எண்ணில் அடங்கிவிடுவதால், அறைகலனுக்கு இந்த எண் பெரிதாக உதவாது. ஏழாம் படியில் சொன்ன சுருக்கப் பெயரே போதும்.

சொந்தமாகப் பச்சை இலை, பூமிப்பந்து என்று முத்திரை வரையாதீர்கள். யாரோ பரிசோதித்துக் கொடுத்தது போன்ற தோற்றத்தை அது தரும். மேலே சொன்ன 2024/825 உத்தரவு, சான்றளிப்பு முறையோ அரசு அமைப்போ பின்னால் இல்லாத நிலைத்தன்மை முத்திரைகளையும் தடை செய்கிறது.

10. வெளியிடும் முன் சோதியுங்கள், வெளியிட்ட பின் புதுப்பியுங்கள்

இரண்டு சோதனை போதும். வாங்குபவருக்கான வரியை இந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, "இந்த நாற்காலி உடைந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் பதிலில் முழு நாற்காலியையும் அப்படியே மறுசுழற்சித் தொட்டியில் போடுவதாக வந்தால், வரியைத் திருத்த வேண்டும். பிரிப்புத் தாளையும் கருவிகளையும் வேறொருவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். தாளில் எழுதிய நேரத்துக்குள் முடியவில்லை என்றால், தாளில் உள்ள நேரத்தை மாற்றுங்கள்.

விற்பனையில் இருப்பவர்களை உட்கார வைத்து, எது முடியும் எது முடியாது என்பதைக் கழற்றிய பாகங்களை வைத்தே காட்டிவிடுங்கள். தாளில் கவனமாக எழுதிய நிபந்தனை, கடையில் வாய்வார்த்தையில் "எல்லாமே மறுசுழற்சிதான்" என்று ஆகிவிடுவதைத் தடுக்க வேறு வழியில்லை.

ஒவ்வொரு ஆவணத்திலும் பதிப்பு எண், தேதி, பொறுப்பாளரின் பதவி, எந்த வரிசை எண் முதல் பொருந்தும் என்ற விவரம் இருக்கட்டும். பசை, துணி, பூச்சு, பிளாஸ்டிக் கலவை இவற்றில் எது மாறினாலும் கொள்முதல் பிரிவு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாற்றம் வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பி, அந்தப் பாகத்தை மட்டும் மீண்டும் கழற்றி எடை போட்டால் போதும். சேகரிப்பு வசதி பற்றிய விவரத்தை, பொருளில் மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை விசாரித்துத் திருத்துங்கள். நைலானை வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்று புதிதாக வந்திருக்கலாம், ஏற்கெனவே இருந்தது மூடியிருக்கலாம்.